குறைந்த கரண்ட், துல்லியமான அளவு: ஆப்-ஆம்ப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்-ஆம்ப் என்பது சென்சாரின் சின்ன வோல்டேஜைப் பெருக்கித் தரும் ஐசி. பேட்டரியில் ஓடும் சென்சார் சர்க்யூட் கட்டுகிறவர்கள் அதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் மைக்ரோஆம்பியரும் மைக்ரோவோல்ட்டும் அந்த ஐசியைப் பற்றியவை. உங்கள் சர்க்யூட்டில் என்ன வரும் என்பது சென்சாரின் மின்தடை, ஃபீட்பேக் ரெசிஸ்டர் (அவுட்புட்டை இன்புட்டோடு இணைத்து எத்தனை மடங்கு பெருக்குவது என்று நிர்ணயிப்பது), வெப்பநிலை, அளவெடுக்க ஆகும் நேரம் எல்லாம் சேர்ந்து முடிவாகிறது. அதனால் கீழே முடிந்தவரை கணக்குப் போட்டே பதில் சொல்லியிருக்கிறேன். எண்களை மாற்றி உங்கள் சர்க்யூட்டுக்கும் போட்டுப் பாருங்கள்.

குறைந்த கரண்ட் இழுக்கும் துல்லிய ஆப்-ஆம்ப் என்று எதைச் சொல்கிறார்கள்?

கறாரான எல்லைக்கோடு கிடையாது, காலத்துக்குத் தகுந்தபடி மாறிக்கொண்டே வருகிறது. 1968-இல் ஃபேர்சைல்டில் டேவ் ஃபுல்லகர் வடிவமைத்த 741 சும்மா இருக்கும்போதே 1.7 மில்லிஆம்பியர் இழுக்கும், ஆஃப்செட் (சிக்னலே இல்லாதபோதும் இன்புட்டில் இருக்கும் பிழை வோல்டேஜ்) ஓரிரு மில்லிவோல்ட். 1975-இல் பிரிசிஷன் மோனோலிதிக்ஸ் நிறுவனத்தில் ஜார்ஜ் எர்டி வடிவமைத்த ஓபி07 ஆஃப்செட்டை மைக்ரோவோல்ட் கணக்குக்குக் கொண்டுவந்தது, ஆனால் ±15 வோல்ட் சப்ளையில் 2.5 மில்லிஆம்பியர் அளவுக்கு இழுத்தது. அந்தக் காலத்தில் துல்லியம் வேண்டுமென்றால் கரண்ட் கொடுத்தே ஆக வேண்டும்.

இன்று டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஓபிஏ333-ஐ எடுத்துக்கொண்டால் ஓய்வு மின்னோட்டம் (சும்மா இருக்கும்போது இழுப்பது) 17 மைக்ரோஆம்பியர், ஆஃப்செட் அதிகபட்சம் 10 மைக்ரோவோல்ட், சப்ளை 1.8 முதல் 5.5 வோல்ட். அதற்கும் கீழே போனால் எல்பிவி811 போன்ற நானோபவர் ரகம்: 450 நானோஆம்பியர், ஆஃப்செட் அதிகபட்சம் 370 மைக்ரோவோல்ட். பொதுவாக ஒரு ஆம்ப்ளிஃபையருக்கு 100 மைக்ரோஆம்பியருக்குக் கீழே இருந்தால் குறைந்த கரண்ட் ரகம், 1 மைக்ரோஆம்பியருக்குக் கீழே என்றால் நானோபவர் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு ஐசிகளையும்தான் கீழே பல இடங்களில் உதாரணமாக எடுத்திருக்கிறேன், ஏனென்றால் இரண்டுக்கும் குணம் நேர் எதிர்.

துல்லியம் என்றால் ஆஃப்செட் குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதானே?

இல்லை. பலர் தப்பான ஐசியை வாங்குவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஆஃப்செட் என்பது இரண்டு இன்புட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன பேட்டரி ஒளிந்திருப்பது மாதிரி. அது போக, இன்புட் முனை வழியாக ஒரு சின்னக் கரண்டும் ஓடுகிறது, அதுதான் பயாஸ் கரண்ட். அந்தக் கரண்ட் உங்கள் சென்சாரின் மின்தடை வழியாகப் போகும்போது அங்கேயும் ஒரு வோல்டேஜ் உருவாகும். ஆம்ப்ளிஃபையருக்கு அதையும் நிஜ சிக்னலையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

பிஎச் மின்முனையை எடுத்துக்கொள்ளுங்கள். 25 டிகிரியில் ஒரு பிஎச் அலகுக்கு 59 மில்லிவோல்ட் தரும், தாராளமான சிக்னல்தான். ஆனால் கண்ணாடிச் சவ்வின் மின்தடை 100 மெகாஓம் அளவில் இருக்கும். ஓபிஏ333-இன் பயாஸ் கரண்ட் வழக்கமாக 70 பிகோஆம்பியர். 70 பிகோஆம்பியர் × 100 மெகாஓம் = 7 மில்லிவோல்ட், அதாவது 0.12 பிஎச் பிழை. அதிகபட்சமான 200 பிகோஆம்பியரை எடுத்தால் 20 மில்லிவோல்ட், 0.3 பிஎச்சுக்கு மேல் போய்விடும். 10 மைக்ரோவோல்ட் ஆஃப்செட்டுக்காகக் காசு கொடுத்து வாங்கிய ஐசி, அதைப் போல 700 மடங்கு பிழையை வேறு வழியில் உள்ளே கொண்டுவருகிறது.

அதே இடத்தில் எல்பிவி811-ஐப் போடுங்கள். பயாஸ் கரண்ட் 100 ஃபெம்டோஆம்பியர் அளவு, 100 மெகாஓமில் அது வெறும் 10 மைக்ரோவோல்ட். ஆஃப்செட் 370 மைக்ரோவோல்ட் இருந்தாலும் பிஎச் கணக்கில் அது 0.006 மட்டுமே, அதுவும் பஃபர் கரைசலில் கேலிபிரேட் செய்யும்போது பெரும்பாலும் கழிந்துவிடும். ஆக இந்த வேலைக்கு ஆஃப்செட் 37 மடங்கு அதிகமாக உள்ள ஐசிதான் துல்லியமானது.

தெர்மோகப்பிள் (வெப்பநிலையை வோல்டேஜாக்கும் கம்பி ஜோடி), ஷன்ட் ரெசிஸ்டர் (கரண்ட்டை அளக்க வைக்கும் சின்ன மின்தடை) மாதிரி சில ஓம் மட்டுமே உள்ள மூலம் என்றால் கதை அப்படியே தலைகீழ். அங்கே பயாஸ் கரண்டைப் பார்க்கவே வேண்டாம், ஆஃப்செட் மட்டும் பார்த்தால் போதும். உதாரணமாக 10 மில்லிஓம் ஷன்ட்டில் 1 ஆம்பியர் ஓடினால் கிடைப்பது 10 மில்லிவோல்ட். 10 மைக்ரோவோல்ட் ஆஃப்செட் அங்கே 1 மில்லிஆம்பியர் பிழை, எல்எம்358 என்ற மலிவான ஐசியின் வழக்கமான 2 மில்லிவோல்ட் ஆஃப்செட்டோ 200 மில்லிஆம்பியர் பிழை.

இன்னொன்று: சிமாஸ் ஆப்-ஆம்பில் பயாஸ் கரண்ட் பெரும்பாலும் இன்புட்டைப் பாதுகாக்கும் டயோடுகளின் கசிவு. ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அது இரட்டிப்பாகும். 25 டிகிரியில் பார்த்த எண் 65 டிகிரியில் 16 மடங்கு ஆகிவிடும். வெயிலில் வைக்கும் பெட்டி என்றால் டேட்டாஷீட்டில் வெப்பநிலைக்கான வரைபடத்தைப் பாருங்கள், அட்டவணையோடு நிறுத்திவிட வேண்டாம்.

ஆஃப்செட்டை ஒருமுறை அளந்து மென்பொருளில் கழித்துவிடலாமே, எதற்குத் துல்லிய ஐசி?

நிலையான ஆஃப்செட்டைத் தாராளமாகக் கழிக்கலாம். ஆனால் ஆஃப்செட் நிலையாக இருப்பதில்லை. கே வகைத் தெர்மோகப்பிள் டிகிரிக்கு 41 மைக்ரோவோல்ட் தரும். எல்எம்358-இன் ஆஃப்செட் டிரிஃப்ட், அதாவது வெப்பநிலையோடு ஆஃப்செட் நகர்வது, வழக்கமாக டிகிரிக்கு 7 மைக்ரோவோல்ட் என்று வைத்தால், பெட்டியின் வெப்பநிலை 40 டிகிரி மாறும்போது ஆஃப்செட் 280 மைக்ரோவோல்ட் நகர்கிறது, அளவு கிட்டத்தட்ட 7 டிகிரி தப்பாக வரும். காலையில் கேலிபிரேட் செய்தது மதியத்துக்கு உதவாது. ஓபிஏ333-இல் டிரிஃப்ட் அதிகபட்சம் டிகிரிக்கு 0.05 மைக்ரோவோல்ட், அதே 40 டிகிரிக்கு 2 மைக்ரோவோல்ட், அதாவது 0.05 டிகிரி பிழை.

அறைக்குள்ளேயே இருக்கும் கருவி, வெப்பநிலை பெரிதாக மாறாது, தயாரிப்பில் ஒவ்வொரு போர்டையும் எப்படியும் கேலிபிரேட் செய்வீர்கள் என்றால் மலிவான ஐசி போதும். இல்லையென்றால் கேலிபிரேஷனுக்கு ஆகும் நேரமும் ஆளும் நல்ல ஐசியை விடச் செலவாகிவிடும்.

ஜீரோ-டிரிஃப்ட் ஆப்-ஆம்ப் உள்ளே என்ன செய்கிறது?

தன் ஆஃப்செட்டைத் தானே விடாமல் திருத்திக்கொண்டிருக்கிறது, மேலே பார்த்த ஓபிஏ333 இந்த ரகம்தான். இதில் இரண்டு வழிகள். சாப்பர் முறையில் சுவிட்சுகள் இன்புட்டுகளை வேகமாக இடம் மாற்றி மாற்றிப் போடுகின்றன. உள்ளே உள்ள ஆஃப்செட் ஒருமுறை கூட்டலாகவும் ஒருமுறை கழித்தலாகவும் விழுவதால் அது உயர் அதிர்வெண்ணுக்குத் தள்ளப்பட்டு, பிறகு வடிகட்டப்படுகிறது. ஆட்டோ-ஜீரோ முறையில் இன்னொரு ஆம்ப்ளிஃபையர் ஆஃப்செட்டை அளந்து கெப்பாசிட்டரில் சேமித்துக் கழிக்கிறது. இரண்டையும் கலந்து செய்யும் ஐசிகளும் உண்டு.

இதில் கூடுதலாகக் கிடைக்கும் லாபம் ஒன்று இருக்கிறது. குறைந்த அதிர்வெண்ணில் ஏறிக்கொண்டே போகும் 1/எஃப் நாய்ஸ் என்பது மெதுவாக அலையும் ஆஃப்செட்தானே, அதையும் சேர்த்தே இந்தத் திருத்தம் அழித்துவிடுகிறது. எடைக்கருவி, அழுத்த சென்சார், வெப்பநிலை அளவு என்று நொடிக்குச் சில முறை மட்டும் படிக்கும் வேலைகளில் ஆஃப்செட்டை விட இதுதான் பெரிய வரம் என்பேன்.

அப்படியானால் எல்லா இடத்திலும் ஜீரோ-டிரிஃப்ட்டே போட்டுவிடலாமா?

வேண்டாம். சுவிட்சுகள் ஒவ்வொரு முறை மாறும்போதும் இன்புட் பக்கம் ஒரு துளி சார்ஜ் தெறிக்கிறது. அதன் சராசரிதான் இன்புட் பயாஸ் கரண்டாகத் தெரிகிறது. மூலத்தின் மின்தடை மெகாஓம் கணக்கில் இருந்தால், மேலே பிஎச் உதாரணத்தில் பார்த்த மாதிரி, ஆஃப்செட்டில் கிடைத்த லாபமெல்லாம் போய்விடும். அப்புறம் சுவிட்சிங் அதிர்வெண்ணில் அவுட்புட்டில் சின்ன ரிப்பிள் இருக்கும், ஏடிசிக்கு (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) முன்னால் ஒரு ஆர்சி ஃபில்டர் (ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்த வடிகட்டி) போடாவிட்டால் அது மடங்கிவந்து உங்கள் அளவுப் பட்டைக்குள் உட்கார்ந்துகொள்ளும். சில கிலோஹெர்ட்ஸ் ஆடியோ சிக்னலுக்கு இதைப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அங்கே யாரும் டிசி ஆஃப்செட்டைக் கேட்கப் போவதில்லை, ஒரு கெப்பாசிட்டர் போட்டால் அது போய்விடும்.

கரண்ட்டைக் குறைத்தால் எதை இழக்கிறோம்?

வேகத்தை இழக்கிறோம், நாய்ஸும் கூடுகிறது. காரணம் எளிமையானது: முதல் நிலை டிரான்சிஸ்டர்களுக்குக் கிடைக்கும் கரண்ட்டைப் பொறுத்துத்தான் அவற்றின் கடத்துதிறன் அமைகிறது. பேண்ட்விட்த் (எந்த அதிர்வெண் வரை பெருக்க முடியும் என்பது) அந்தக் கடத்துதிறனோடு நேர் விகிதத்தில் போகும், நாய்ஸ் அதன் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாகப் போகும். கரண்ட்டை நான்கில் ஒரு பங்காக்கினால் பேண்ட்விட்த்தும் ஏறத்தாழ நான்கில் ஒன்று, நாய்ஸ் இரண்டு மடங்கு. நல்ல வடிவமைப்பாளர்கள் இதில் கொஞ்சம் கூடக் குறையச் சம்பாதிப்பார்கள், ஆனால் அடிப்படை விதியிலிருந்து யாரும் தப்புவதில்லை.

ஓபிஏ333-க்கு 17 மைக்ரோஆம்பியரில் 350 கிலோஹெர்ட்ஸ். எல்பிவி811-க்கு 450 நானோஆம்பியரில் 8 கிலோஹெர்ட்ஸ். கரண்ட் 38 மடங்கு குறைந்தபோது வேகம் 44 மடங்கு குறைந்திருக்கிறது. 100 மடங்கு கெயின் வைத்தால் எல்பிவி811-இல் மிஞ்சுவது 80 ஹெர்ட்ஸ் பேண்ட்விட்த்.

ஸ்லூ ரேட்டையும், அதாவது அவுட்புட் எவ்வளவு வேகமாக ஏறி இறங்க முடியும் என்பதையும், மறக்க வேண்டாம். ஓபிஏ333-க்கு மைக்ரோநொடிக்கு 0.16 வோல்ட். உச்சம் 1 வோல்ட் உள்ள சைன் அலையைச் சிதைக்காமல் தர வேண்டுமென்றால் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போக முடியாது, சின்ன சிக்னல் பேண்ட்விட்த் எவ்வளவு இருந்தாலும் சரி.

நானோஆம்பியர் ஆப்-ஆம்ப் போட்டால் பேட்டரி அதிக நாள் வருமா?

எப்போதும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது, நிறையப் பேர் எதிர்பார்க்காத விடை வரும்.

முதலில் நேரடிக் கணக்கு. 1 மைக்ரோஆம்பியரை ஒரு வருடம் விடாமல் இழுத்தால் 8.76 மில்லிஆம்பியர்-மணி. சிஆர்2032 நாணய பேட்டரியில் சுமார் 220 மில்லிஆம்பியர்-மணி இருக்கிறது. 17 மைக்ரோஆம்பியர் வருடத்துக்கு 149 தின்னும், பேட்டரியில் மூன்றில் இரண்டு பங்கு காலி. 450 நானோஆம்பியர் வெறும் 4. ஆப்-ஆம்ப் எப்போதும் விழித்திருக்க வேண்டும், உதாரணமாக வாயு சென்சாரையோ அசைவு சென்சாரையோ இடைவிடாமல் கவனிக்க வேண்டும் என்றால் நானோபவர்தான் சரி, அதில் சந்தேகமே இல்லை.

இப்போது நொடிக்கு ஒருமுறை மட்டும் எழுந்து அளந்துவிட்டுத் தூங்கும் சர்க்யூட்டைப் பாருங்கள். கெயின் 100, 12 பிட் அளவுக்கு அவுட்புட் நிலைகொள்ள வேண்டும். அதற்கு நேர மாறிலியைப் போல (அது 1/(2π × பேண்ட்விட்த்)) 8.3 மடங்கு நேரம் காத்திருக்க வேண்டும். எல்பிவி811-இல் 80 ஹெர்ட்ஸ், நேர மாறிலி 2 மில்லிநொடி, ஆக 16.5 மில்லிநொடி. ஓபிஏ333-இல் 3.5 கிலோஹெர்ட்ஸ், நேர மாறிலி 45 மைக்ரோநொடி, ஆக 0.38 மில்லிநொடி. ஒவ்வொரு அளவுக்கும் செலவாகும் சார்ஜ் எவ்வளவு? முதலாவதில் 450 நானோஆம்பியர் × 16.5 மில்லிநொடி = 7.4 நானோகூலோம். இரண்டாவதில் 17 மைக்ரோஆம்பியர் × 0.38 மில்லிநொடி = 6.5 நானோகூலோம். இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான்! ஐசி விழித்தெழ ஆகும் நேரத்தை இரண்டு பக்கமும் சேர்க்க வேண்டும், ஆனாலும் 38 மடங்கு வித்தியாசம் என்று நினைத்தது காணாமல் போய்விட்டது.

அடுத்ததுதான் முக்கியம். சென்சார் 350 ஓம் ஸ்ட்ரெயின் கேஜ் பாலம், 3 வோல்ட்டில் இயக்குகிறீர்கள் என்றால் பாலம் மட்டும் 8.6 மில்லிஆம்பியர் இழுக்கும். ஆப்-ஆம்ப் நிலைகொள்ளும்வரை பாலத்துக்கும் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மெதுவான ஐசியோடு 8.6 மில்லிஆம்பியர் × 16.5 மில்லிநொடி = 142 மைக்ரோகூலோம். வேகமான ஐசியோடு 3.3 மைக்ரோகூலோம். நொடிக்கு ஒருமுறை என்றால் சராசரி கரண்ட் 142 மைக்ரோஆம்பியருக்கும் 3.3 மைக்ரோஆம்பியருக்கும் உள்ள வித்தியாசம் அது. "அதிகம் இழுக்கும்" ஐசி பேட்டரியை 40 மடங்கு மிச்சப்படுத்துகிறது.

ஆகவே ஐசி தேர்ந்தெடுக்கும் முன் ஒரு அளவெடுப்பில் எது எத்தனை மில்லிநொடி விழித்திருக்கிறது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள்: சென்சார், ரெஃபரன்ஸ், ஆப்-ஆம்ப், ஏடிசி, மைக்ரோகண்ட்ரோலர். சார்ஜ் செலவைப் பார்த்தால் பெரும்பாலும் ஆப்-ஆம்ப் கடைசி வரியில்தான் வரும். இன்னொரு எல்லையும் இருக்கிறது: நாணய பேட்டரி தானாகவே வருடத்துக்குச் சுமார் 1 சதவீதம் இழக்கும், அது கால் மைக்ரோஆம்பியர் தொடர்ந்து இழுப்பதற்குச் சமம். மொத்தச் செலவு அந்த அளவுக்கு வந்த பிறகும் இன்னும் குறைக்க மெனக்கெடுவதில் பலன் இல்லை.

ஃபீட்பேக் ரெசிஸ்டர்களுக்கு என்ன மதிப்பு வைப்பது?

பழக்கத்தில் 10 கிலோஓமும் 1 கிலோஓமும் போட்டுவிடுவோம். அவுட்புட் 1.5 வோல்ட்டில் நின்றால் அந்த 11 கிலோஓம் வழியாக 136 மைக்ரோஆம்பியர் ஓடும், 17 மைக்ரோஆம்பியர் ஐசியைப் போல 8 மடங்கு. 1 மெகாஓமும் 100 கிலோஓமும் வைத்தால் 1.4 மைக்ரோஆம்பியர்.

அப்படியானால் 10 மெகாஓம், 1 மெகாஓம் என்று ஏற்றிவிடலாமா? அங்கே மூன்று சிக்கல்கள் சேர்ந்து வருகின்றன. ரெசிஸ்டரின் வெப்ப நாய்ஸ் 1 கிலோஓமுக்கு 4 நானோவோல்ட்/√ஹெர்ட்ஸ், மின்தடையின் வர்க்கமூலத்தோடு ஏறும். 1 மெகாஓமும் 100 கிலோஓமும் இணையாகப் பார்த்தால் 91 கிலோஓம், சுமார் 39 நானோவோல்ட், ஓபிஏ333-இன் 55 நானோவோல்ட்டை விடக் குறைவு, பரவாயில்லை. அடுத்த பத்து மடங்கில் அது 122 ஆகி ஐசியை விழுங்கிவிடும். இரண்டாவது, 70 பிகோஆம்பியர் 10 மெகாஓமில் ஓடி அவுட்புட்டில் 700 மைக்ரோவோல்ட் தரும், இன்புட் கணக்கில் 64 மைக்ரோவோல்ட், ஐசியின் ஆஃப்செட்டைப் போல ஆறு மடங்கு. மூன்றாவது, இன்புட் முனையில் தானாக இருக்கும் சில பிகோஃபேரட், பெரிய மின்தடையோடு சேர்ந்து சிக்னலின் கட்டத்தை (ஃபேஸ்) பின்னுக்கு இழுத்து அலைவை உண்டாக்கும். ஃபீட்பேக் ரெசிஸ்டருக்கு இணையாக 10 பிகோஃபேரட் மாதிரி ஒன்று போட்டால் அடங்கும், 1 மெகாஓமோடு அது 16 கிலோஹெர்ட்ஸில் நாய்ஸையும் வெட்டிவிடும்.

என் பரிந்துரை: 100 கிலோஓம் முதல் 1 மெகாஓம் வரை தொடங்குங்கள், அதற்கு மேல் போக வேண்டுமென்றால் கணக்குப் போட்ட பிறகு போங்கள். கெயின் துல்லியம் வேண்டுமென்றால் ரெசிஸ்டரின் சகிப்பும் வெப்பக் குணகமும் பார்க்க வேண்டும். 1 சதவீத ரெசிஸ்டர்களோடு 10 மைக்ரோவோல்ட் ஐசி போட்டால் கெயின் பிழையே 2 சதவீதம் வரை வரலாம்.

ரெயில்-டு-ரெயில் என்று போட்டிருக்கிறதே, அவுட்புட் 0 வோல்ட் வரை இறங்குமா?

ரெயில் என்பது சப்ளையின் மேல், கீழ் எல்லை. அவுட்புட் அதுவரை முழுதாக இறங்காது. சுமையைப் பொறுத்துச் சில மில்லிவோல்ட்டிலிருந்து பல பத்து மில்லிவோல்ட் வரை மேலே நின்றுவிடும். ஒற்றை சப்ளையில் சின்ன சிக்னலை அளக்கும்போது அடிமட்டம் நசுங்கிப் போவது இதனால்தான். ரெஃபரன்ஸைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி, 100 அல்லது 200 மில்லிவோல்ட்டில் வைத்து, மென்பொருளில் கழித்துக்கொள்வது சுலபமான தீர்வு.

இன்புட் பக்கம் வேறொரு பொறி இருக்கிறது. பல ரெயில்-டு-ரெயில் ஐசிகளில் இரண்டு இன்புட் ஜோடிகள் உண்டு, கீழ்ப்பகுதிக்கு ஒன்று, மேற்பகுதிக்கு ஒன்று. ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறும் இடத்தில் ஆஃப்செட் திடீரென்று தாவும். பெரும்பாலும் இது மேல் சப்ளைக்கு ஒரு வோல்ட், ஒன்றரை வோல்ட் கீழே நடக்கும். வோல்டேஜ் ஃபாலோவரில் (இன்புட்டை அப்படியே அவுட்புட்டில் தரும் அமைப்பு) சிக்னல் அந்த இடத்தைக் கடக்கும்போது வளைவில் ஒரு படிக்கட்டு தெரியும். இன்வெர்ட்டிங் அமைப்பில் (சிக்னல் மைனஸ் இன்புட் பக்கம் வருவது) இன்புட் ஒரே இடத்தில் நிற்பதால் இந்தத் தொல்லையே இல்லை. ஃபாலோவர்தான் வேண்டும் என்றால் ஜீரோ-கிராஸ்ஓவர் என்று குறிப்பிட்ட ஐசியாகத் தேடுங்கள்.

அவுட்புட்டை நேராக ஏடிசியோடு இணைக்கலாமா?

மெதுவான ஆப்-ஆம்ப் என்றால் கூடாது. எஸ்ஏஆர் வகை ஏடிசி மாதிரி எடுக்கும் கணத்தில் உள்ளே உள்ள சின்ன கெப்பாசிட்டர், 10 பிகோஃபேரட் என்று வைத்துக்கொள்வோம், சட்டென்று சார்ஜைப் பிடுங்கும். 8 கிலோஹெர்ட்ஸ் ஐசியால் அந்த நேரத்துக்குள் மீண்டு வர முடியாது. ஏடிசி காலில் 100 நானோஃபேரட் போட்டு, ஆப்-ஆம்புக்கும் அதற்கும் நடுவில் ஒரு ரெசிஸ்டர் வையுங்கள். 10 பிகோஃபேரட்டுக்குத் தேவையான சார்ஜை 100 நானோஃபேரட்டே தந்துவிடும், விழும் வோல்டேஜ் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, 3 வோல்ட்டில் 0.3 மில்லிவோல்ட், 12 பிட்டில் அரைப் படிக்கும் குறைவு. அடுத்த மாதிரி எடுப்பதற்குள் அது நிரம்ப நேரம் கொடுத்தால் போதும்.

நடுவில் உள்ள ரெசிஸ்டரை விட்டுவிடாதீர்கள். குறைந்த கரண்ட் ஆப்-ஆம்புகளின் அவுட்புட் மின்தடை அதிகம், கெப்பாசிட்டர் சுமையை நேராக மாட்டினால் அலைபாயத் தொடங்கிவிடும். ஒரு மீட்டர் கவசக் கம்பியே 100 பிகோஃபேரட் அளவு இருக்கும்.

சப்ளைக்கு என்ன கவனிக்க வேண்டும்?

ஐசி காலுக்குப் பக்கத்திலேயே 100 நானோஃபேரட். ஸ்விட்சிங் ரெகுலேட்டரிலிருந்து சப்ளை எடுத்தால் நடுவில் ஒரு சின்ன ஆர்சி ஃபில்டர். 17 மைக்ரோஆம்பியர் 100 ஓமில் 1.7 மில்லிவோல்ட்தான் இழக்கும், ஆகவே தயங்காமல் போடலாம். டேட்டாஷீட்டில் உள்ள பெரிய சப்ளை நிராகரிப்பு எண் (சப்ளையின் ஆட்டத்தை எவ்வளவு தடுக்கும் என்பது) டிசிக்கு மட்டும். சில நூறு கிலோஹெர்ட்ஸில் இந்த ஐசிகளுக்கு நிராகரிக்கும் சக்தியே கிட்டத்தட்ட இருக்காது.

மொபைல் போன் பக்கத்தில் வந்தால் அளவு தாவுகிறது, ஏன்?

இன்புட் டிரான்சிஸ்டர்கள் ரேடியோ அலையை டயோடு மாதிரி நேராக்கி டிசியாக மாற்றுகின்றன, அது ஆஃப்செட்டோடு சேர்ந்துகொள்கிறது. ஐசியின் பேண்ட்விட்த் 350 கிலோஹெர்ட்ஸ்தானே, கிகாஹெர்ட்ஸ் எப்படி உள்ளே வரும் என்று கேட்காதீர்கள், பேண்ட்விட்த்துக்கு வேலை வருவதற்கு முன்பே முதல் டிரான்சிஸ்டரிலேயே இது நடந்துவிடுகிறது. இன்புட்டில் ஆர்சி ஃபில்டரை ஐசிக்கு மிக அருகில் போடுங்கள். இரண்டு கம்பி சிக்னல் என்றால் ஒவ்வொரு கம்பியிலிருந்தும் தரைக்கு ஒரு சின்ன கெப்பாசிட்டர், இரண்டு கம்பிக்கும் குறுக்கே அதைப் போல 10 மடங்கு. தரைக்குப் போகும் இரண்டும் கொஞ்சம் பொருந்தாமல் இருந்தாலும் குறுக்கே உள்ள பெரியது அதைச் சமாளித்துவிடும்.

பிசிபியில் துல்லியம் எங்கே தொலைகிறது?

இரண்டு இடத்தில். ஒன்று, கசிவு. சாலிடர் செய்த ஃப்ளக்ஸ் எச்சம் ஈரத்தோடு சேர்ந்தால் 1 கிகாஓம் கசிவுப் பாதை உண்டாவது சாதாரணம். பக்கத்தில் 3 வோல்ட் தடம் இருந்தால் 3 நானோஆம்பியர் இன்புட்டுக்குள் வரும், 100 ஃபெம்டோஆம்பியர் ஐசிக்கு அது முப்பதாயிரம் மடங்கு. நன்றாகக் கழுவிக் காயவைக்க வேண்டும், இன்புட்டைச் சுற்றி அதே வோல்டேஜில் இருக்கும் ஒரு காப்பு வளையம் வரைய வேண்டும்.

இரண்டாவது, வெப்ப மின்னழுத்தம். இரண்டு வேறு உலோகங்கள் சேரும் ஒவ்வொரு இடமும் ஒரு தெர்மோகப்பிள். செம்பும் காரீய-வெள்ளீய சாலிடரும் சேர்ந்தால் டிகிரிக்கு 1 முதல் 3 மைக்ரோவோல்ட், செம்பும் கோவார் என்ற உலோகக் கலவையும் என்றால் 40 மைக்ரோவோல்ட் அளவு. இரண்டு இன்புட் பாதையிலும் இணைப்புகளின் எண்ணிக்கையும் வகையும் ஒன்றாக இருந்து, இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். சூடாகும் ரெகுலேட்டரை ஒரு பக்கமாக ஒட்டி வைத்தால் கழியாது.

இரட்டை ஐசியில் ஒன்று மிச்சம், சும்மா விட்டுவிடலாமா?

கூடாது. இன்புட் மிதந்தால் அவுட்புட் கண்டபடி ஆடும், கரண்ட்டும் ஏறலாம். அவுட்புட்டை மைனஸ் இன்புட்டோடு இணைத்து, பிளஸ் இன்புட்டை சப்ளையின் நடு வோல்டேஜில் கட்டுங்கள்.

கம்பேரேட்டராகப் பயன்படுத்தலாமா?

இரண்டு வோல்டேஜில் எது பெரியது என்று மட்டும் சொல்வதுதான் கம்பேரேட்டர். அவசரத்துக்குச் சரி. ஆனால் சில ஐசிகளில் அவுட்புட் ஒரு பக்கம் போய் முட்டி நிற்கும்போது ஓய்வு மின்னோட்டம் எகிறும், சிலவற்றில் இன்புட்டுகளுக்கு நடுவே டயோடு இருக்கும், அதிலிருந்து மீளவும் நேரம் பிடிக்கும். நானோபவர் கம்பேரேட்டர்கள் தனியாகக் கிடைக்கும்போது அதையே போடுங்கள்.

வாங்கிய ஐசியின் ஆஃப்செட்டையும் கரண்ட்டையும் நானே அளக்க முடியுமா?

முடியும், சாதாரண மல்டிமீட்டர் போதும். இரண்டு 1.5 வோல்ட் செல்லை வரிசையாக வைத்து நடுப்புள்ளியைத் தரையாக்கி ±1.5 வோல்ட் சப்ளை அமையுங்கள். பிளஸ் இன்புட்டைத் தரையில் கட்டி, மைனஸ் இன்புட்டிலிருந்து தரைக்கு 10 ஓம், அவுட்புட்டிலிருந்து மைனஸ் இன்புட்டுக்கு 10 கிலோஓம். கெயின் 1001, ஆகவே 10 மைக்ரோவோல்ட் ஆஃப்செட் அவுட்புட்டில் 10 மில்லிவோல்ட்டாகத் தெரியும். எல்எம்358 மாதிரி ஐசிக்கு 10 ஓமை 100 ஓமாக்கிக் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அவுட்புட் போய் முட்டிக்கொள்ளும். அளவு நின்றதும் 10 ஓம் ரெசிஸ்டரின் ஒரு காலை மட்டும் விரலால் தொட்டுப் பாருங்கள், எண் மெதுவாக நகரும். மேலே சொன்ன வெப்ப மின்னழுத்தம் அதுதான். விரலை எடுத்துவிட்டு, காற்று படாமல் ஒரு சின்னப் பெட்டியால் மூடினால் மறுபடி பழைய இடத்துக்கு வந்துவிடும்.

கரண்ட்டை அளக்க மேலே உள்ள ரெசிஸ்டர்களைக் கழற்றிவிட்டு ஐசியை ஃபாலோவராக மாற்றுங்கள், இல்லையென்றால் அவுட்புட் வழியாகப் போகும் கரண்ட்டும் கணக்கில் சேரும். மீட்டரின் மைக்ரோஆம்பியர் அளவை நம்புவதை விட, சப்ளைக் கம்பியில் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்து அதன் குறுக்கே வோல்டேஜை அளப்பது நல்லது. 17 மைக்ரோஆம்பியருக்கு 1 கிலோஓம் போதும், 17 மில்லிவோல்ட் வரும். 450 நானோஆம்பியருக்கு 100 கிலோஓம் போட்டால் 45 மில்லிவோல்ட். ரெசிஸ்டருக்கு அப்புறம், ஐசியின் பக்கம் 100 நானோஃபேரட் இருக்க வேண்டும், அது நிரம்ப அந்த 100 கிலோஓமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு துல்லியத்துக்கு 0.1 நொடி ஆகும், கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள். மீட்டரின் இன்புட் மின்தடை 10 மெகாஓம் என்றால் 100 கிலோஓமோடு அது 1 சதவீதப் பிழை தரும், அதைக் கணக்கில் திருத்திக்கொள்ளுங்கள்.